படகுக்கு ஒரு கொட்டகை: அளக்க வேண்டியது எதை?

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் ஹுசேன் சாகரில் பாய்மரப் படகு ஓட்டுகிறான். பழைய படகு ஒன்றை டிரெய்லரோடு விலைக்கு வாங்கியிருக்கிறான். அதை வீட்டுத் தோட்டத்தில் நிறுத்த ஒரு கொட்டகை போட வேண்டும். "படகு 13 அடி நீளம் சார். 15 அடிக்குக் கொட்டகை போட்டால் போதுமல்லவா?" என்றார். "போதாது. அந்தத் தப்பை நான் ஏற்கெனவே செய்தாகிவிட்டது" என்றேன். விவரமாக எழுதுங்கள் என்று ஆசிரியர் குழுவினர் சொன்னதால் இந்தக் கட்டுரை. படகு நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். சொந்த வீட்டில் கார் ஷெட் போட நினைப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கற்றுக் கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று, நிற்கும் வண்டிக்கு ஓர் அளவு, ஓடும் வண்டிக்கு வேறு அளவு என்பது.

நின்றால் ஓர் அளவு, நகர்ந்தால் ஓர் அளவு

அகலப் பாதையில் ஓடும் வண்டியின் அகலம் 3250 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பாதையின் மையத்திலிருந்து பயணிகள் பிளாட்பாரத்தின் விளிம்பு 1670 முதல் 1680 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். அதாவது நேர்ப்பாதையில் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே சுமார் 2 அங்குலம்தான் இடைவெளி. வளைவில் இந்தக் கணக்கு செல்லாது. பெட்டி வளையாது, பாதைதான் வளையும். 21,340 மி.மீ. நீளமுள்ள பெட்டி 350 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும்போது, அதன் நடுப்பகுதி வளைவின் உள்பக்கமாக 78 மி.மீ.யும், இரு முனைகளும் வெளிப்பக்கமாக சுமார் 85 மி.மீ.யும் தள்ளிக்கொண்டு வரும். அதனால் வளைவில் உள்ள பிளாட்பாரங்களுக்கும் கம்பங்களுக்கும் கூடுதல் இடைவெளி கொடுப்போம்.

டிரெய்லரும் அப்படித்தான். அது நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது சுலபமான கேள்வி. உள்ளே வந்து சேர எவ்வளவு இடம் வேண்டும் என்பதே உண்மையான கேள்வி.

நான் செய்த தவறு

சைனிக்புரியில் இருக்கும் என் மாப்பிள்ளை 2018இல் ஒரு என்டர்பிரைஸ் வகைப் படகு வாங்கினார். 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இரண்டு பேர் ஓட்டும் படகு அது. நீளம் 13 அடி 3 அங்குலம். அகலம் 5 அடிக்குச் சற்று அதிகம். உடல் எடை 94 கிலோ. பிளைவுட்டில் செய்தது. மாப்பிள்ளை சுக்கான் பிடிப்பார். என் பேத்தி முன்பாயைக் கவனிப்பாள்.

"கொட்டகையை என்னிடம் விடுங்கள்" என்று நானே முன்வந்தேன். வீட்டின் பக்கவாட்டில் கேட்டிலிருந்து பின்புறம் வரை 10 அடி அகலச் சந்து. அதன் கடைசியில், சந்துக்குச் செங்குத்தாக, 18 அடிக்கு 8 அடியில் கொட்டகை. வாசல் 7 அடி. மேஸ்திரியை வைத்து மூன்று வாரத்தில் முடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

படகு வந்த அன்று டிரெய்லர் உள்ளே திரும்பவில்லை. இழுவைத் தண்டோடு சேர்த்து டிரெய்லரின் நீளம் 17 அடி. அச்சிலிருந்து தண்டின் நுனி வரை மட்டும் 11 அடி. பின்பக்கமாக உள்ளே தள்ள வேண்டுமானால், அச்சு வாசலில் இருக்கும்போது தண்டு சுற்றி வர எதிரே 11 அடி வேண்டும். சந்து 10 அடி. அச்சை இன்னும் உள்ளே தள்ளித் திருப்பலாமென்றால் படகின் விலா தூணில் இடித்தது. மூக்கை முன்னே விட்டாலும் அதே தூண்தான் தடுத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்கம்பக்கத்துப் பையன்களைக் கூப்பிட்டு நாலைந்து பேராகத் தூக்கி வைத்தோம். ஜூன் மாதக் கடைசியில் மழை ஈரத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. படகு தூணில் மோதி, பக்கப் பலகை இரண்டு அடி நீளத்துக்குப் பிளந்தது. ஹுசேன் சாகரில் காற்று நன்றாக இருப்பதும் ரேஸ் நடப்பதும் ஜூலை, ஆகஸ்டில்தான். அந்த ஆண்டு பேத்தி கரையில் நின்று மற்றவர்களின் பாய்களைப் பார்த்தாள். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். 17 அடி என்ற அளவு என் நோட்டில் எழுதியே இருந்தது. அதை நான் நகர்த்திப் பார்க்கவில்லை.

அட்டையை வெட்டிப் பாருங்கள்

ரயிலில் அளவுக்கு மீறிய சரக்கை அனுப்பும் முன், வழியில் உள்ள பாலம், சுரங்கம், கம்பம் எல்லாவற்றோடும் அதன் அளவை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். நீங்களும் அதையே மேஜைமேல் செய்யலாம்.

2 அடிக்கு 1 அங்குலம் என்ற கணக்கில் மனையின் படத்தை வரையுங்கள். கேட், சுவர், கிணறு, மரம், கழிவுநீர்த் தொட்டி மூடி எல்லாம் அதில் இருக்க வேண்டும். டிரெய்லரை அதே கணக்கில் அட்டையில் வெட்டுங்கள். எங்களுடையதற்கு எட்டரை அங்குல நீளம், கிட்டத்தட்ட 3 அங்குல அகலம். அச்சு இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துங்கள். இப்போது அட்டையைத் தெருவிலிருந்து கொட்டகை வரை ஓட்டுங்கள். விதி ஒன்றுதான்: அட்டை நீளவாட்டில் நகரலாம், ஊசியைச் சுற்றித் திரும்பலாம், பக்கவாட்டில் நழுவக் கூடாது. சக்கரங்கள் பக்கவாட்டில் போகாதல்லவா? எந்த இடத்தில் அட்டை கோட்டைத் தாண்டுகிறதோ அங்கே நாளை படகு இடிக்கும்.

இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே முடிவுதான் வரும். கொட்டகையைக் கேட்டுக்கு நேர்க்கோட்டில் வையுங்கள். முடியாவிட்டால் வாயைச் சாய்வாகத் திருப்புங்கள். செங்கோணத் திருப்பத்தைத் தவிருங்கள்.

உள் அளவு

டிரெய்லரின் 17 அடிக்கு முன்னும் பின்னும் இரண்டரை அடி சேர்த்தால் 22 அடி. அகலம் 5 அடி 8 அங்குலம். ஓர் ஆள் வாளியோடு இருபுறமும் நடக்க 10 அடி வேண்டும். வாசல் 8 அடி. நிமிர்ந்து நடக்க வாசல் உயரம் 7 அடி. பாய்மரத்தை மறந்துவிடாதீர்கள். படகைவிட அதுதான் நீளம். எங்களுடையதை அளந்தபோது 20 அடிக்கு மேல் இருந்தது. நீளச் சுவரில் மூன்று தாங்கிகள் வைத்து அதில் கிடத்திவிடலாம். இரண்டு தாங்கி மட்டும் வைத்தால் நடுவில் தொய்யும்.

தரை

படகும் டிரெய்லரும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இது காரின் எடையில் கால் பங்குகூட இல்லை. நன்றாக இடித்துக் கெட்டித்த 6 அங்குல முரத்தின்மேல் 4 அங்குலக் கான்கிரீட் போதும். தரை தோட்டத்தைவிட 6 அங்குலம் உயர்ந்தும், வாசலை நோக்கி 60க்கு 1 சரிவாகவும் இருக்கட்டும்.

ஏறும் சரிவைச் செங்குத்தாகப் போடாதீர்கள். 8க்கு 1 சரிவில் 200 கிலோவை ஏற்ற 25 கிலோ விசையோடு தள்ள வேண்டும். 12க்கு 1 என்றால் 17 கிலோ போதும். சக்கர உராய்வு தனி. 6 அங்குல உயரத்துக்கு 12க்கு 1 என்றால் 6 அடிச் சரிவு. இடம் இருந்தால் அதையே போடுங்கள். உள்ளே போனதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதை வழக்கமாக்குங்கள்.

ஈரம்

மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் அடைத்துவிடுவது இன்னொரு தவறு. நனைந்து வந்த மரப்படகு உலர வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடித்து மட்கத் தொடங்கும். ஒரு பக்கச் சுவரில் தரையை ஒட்டியும், எதிர்ப்பக்கச் சுவரில் கூரையை ஒட்டியும் காற்று வழி விடுங்கள். எலி வராமல் வலை அடியுங்கள். படகின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டாதீர்கள். மூக்கைச் சற்று உயர்த்தி, பின்பலகையில் உள்ள அடைப்பானைக் கழற்றி வைத்தால் மிச்சத் தண்ணீர் தானே வடியும். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால் டயரில் எடை நிற்காதபடி அச்சைக் கட்டையில் ஏற்றுங்கள். தூண்களுக்கு இரும்புக் குழாய் நல்லது. மண்ணில் புதைத்த மரத்தைக் கரையான் விடாது.

கூரை விழாது, பறக்கும்

தகரக் கூரை பாரத்தால் விழுவது அபூர்வம். காற்றில் பிய்த்துக்கொண்டு போவதுதான் வழக்கம். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நெறியில் ஹைதராபாத்துக்கான அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர். இதில் வரும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 118 கிலோ. தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். 22க்கு 10 அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டால் மேல்நோக்கிய இழுப்பு 2.4 டன் வரை வரும். கூரையின் வடிவத்துக்கும் திறந்த பக்கங்களுக்கும் ஏற்ப இது கூடும், குறையும். முன்பக்கம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே தூணின் அடியில் இருக்கும் கான்கிரீட்தான் கூரையைப் பிடித்து வைக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழம் தோண்டி நிரப்பினால் ஒரு தூணுக்கு 380 கிலோ. ஆறு தூணுக்குச் சுமார் 2.3 டன். குழியைச் சிறிதாக்கி மிச்சம் பிடிக்கலாம் என்று மேஸ்திரி சொன்னால் சம்மதிக்காதீர்கள். தகரத்தை ஆணியால் அடிக்காமல் ஜே போல்ட் போட்டு முடுக்குங்கள்.

தொடங்கும் முன்

வீட்டைச் சுற்றி விட வேண்டிய செட்பேக் இடத்தில் கொட்டகை வருகிறதா என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீர் பக்கத்து மனையில் விழாதபடி தகரக் கால்வாய் வையுங்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வெளியூரில் வாழும் நமக்கு எப்போதும் நல்லது.

2019இல் என் சொந்தச் செலவில் பழைய கொட்டகையைப் பிரித்தேன். தகரமும் குழாயும் மீண்டும் பயன்பட்டன. புதியதைச் சந்தின் கடைசியில், கேட்டுக்கு நேராக நிறுத்தினேன். அதற்கு முன் அட்டை டிரெய்லரை என் பேத்தியிடமே கொடுத்து ஓட்டச் சொன்னேன். அவள் எங்கும் இடிக்காமல் கொண்டு சேர்த்த பிறகுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். இப்போது அவளும் அவள் அப்பாவும் இரண்டே பேராகப் படகை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பிளந்த பலகையை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தாயிற்று. வடு மட்டும் தெரிகிறது. அதன்மேல் வண்ணம் பூச வேண்டாமென்று நான்தான் சொன்னேன்.

அட்டையின் விலை சில ரூபாய்தான். கார் வாங்கப் போகிறவர்களும் முதலில் அதை வெட்டுங்கள்.