ஜவ்வாது மலை இரவும் ஒரு கம்பளி அங்கியும்

விடுமுறைக்கு மலைக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் பிரியாணித் தேக்சாவை மறப்பதில்லை. தொழுகை விரிப்பையும் திசைகாட்டியையும் மறப்பதில்லை. குளிருக்கு எதை உடுத்துவது என்பதை மட்டும் புறப்படும் அன்று காலையில்தான் யோசிக்கிறோம். "ஜவ்வாது மலை என்ன ஊட்டியா?" என்று கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. அப்படிச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இந்த மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 725 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி கடற்கரை ஊரைக் காட்டிலும் இங்கே நான்கைந்து டிகிரிதான் குறைய வேண்டும். ஆனால், மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவு இந்தக் கணக்கோடு நிற்பதில்லை. பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தைத் தரை அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் தேங்கும். அழகாக இருக்கிறதே என்று ஓடைக்கரையில் கூடாரம் அடித்தவர், நள்ளிரவுக்குப் பிறகு அந்த அழகுக்கு விலை கொடுப்பார்.

தெளிந்த வானத்தை நாடித்தான் வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960களில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது இங்கே எடுத்த பதிவும், அக்கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறியத் துணை நின்றது. தொலைநோக்கி இருக்கும் கூண்டுக்குள் கணப்பு மூட்ட முடியாது என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே சூடான காற்று இருந்தால் அது அசைந்து விண்மீனின் உருவத்தைக் கலைத்துவிடும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் உள்ளேயும் இருக்க வேண்டும். வானம் பார்ப்பவருக்கு அங்கே கணப்பு அவர் உடுத்திய உடைதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாத இறுதியில் உறவினர் பிள்ளைகள் ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனேன். தங்குமிடத்தின் முற்றத்தில், அனுமதி பெற்று, விறகு மூட்டி உட்கார்ந்திருந்தோம். எல்லோர் உடலிலும் நடைபாதைக் கடையில் வாங்கிய பளபளப்பான 'உல்லன்' ஸ்வெட்டர். விறகு படீரென்று வெடித்தது. ஒரு பொறி பறந்து என் மருமகனின் முன்கையில் விழுந்தது. தட்டிவிடுவதற்குள் அந்த இடம் உருகி, பிசின்போலத் தோலோடு ஒட்டிக்கொண்டது. காயம் சிறியதுதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உருகியதை உரித்தெடுத்தபோது அவன் அலறிய அலறலை நான் மறக்கவில்லை. உரித்திருக்கக் கூடாது என்றும், குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு போயிருக்க வேண்டும் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் தோளிலும் அன்று ஒரு பொறி விழுந்தது. நான் போர்த்தியிருந்தது என் தகப்பனாரின் பழைய கம்பளி. அதில் ஒரு சிறு கருப்புப் புள்ளி விழுந்து, முடி கருகிய வாடை வந்தது, அவ்வளவே!

இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு? அந்த ஸ்வெட்டர் கம்பளியே அல்ல. அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. நம் நாட்டில் அதைக் 'காஷ்மிலான்' என்ற பெயரில் விற்று வந்தார்கள். பெயரைக் கேட்டு அது காஷ்மீரத்து ஆட்டு மயிர் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர்! அக்ரிலிக் தீயில் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். கம்பளியோ நம் தலைமுடியைப்போல ஒரு புரதம். அது உருகாது, கருகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். கம்பளி தொடர்ந்து எரிய அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே பொறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

கம்பளி நம்மைச் சூடாக்குவதில்லை. நம் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதன் இழை நேராக இராமல் சுருள் சுருளாக இருப்பதால், இழைகளுக்கிடையே காற்று சிறைப்படுகிறது. அந்தக் காற்றுதான் நமக்கும் குளிருக்கும் நடுவே நிற்கும் சுவர். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கம்பளி உள்வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. ஈரத்தை வாங்கும்போது சிறிது வெப்பத்தை வெளியிடவும் செய்கிறது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மலை உச்சியில் காற்றில் நின்று பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். ஆனால், கொட்டும் மழையில் முழுக்க நனைந்துவிட்டால் கம்பளி கல்லாய்க் கனக்கும், காயவும் ஒரு நாள் பிடிக்கும். மழைக்கு மேலே வேறொன்று வேண்டும்.

சரி, கடையில் நிற்கிறீர்கள். எது கம்பளி, எது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குளிர்காலம் வந்தால் நம் நகரங்களின் நடைபாதைகளில் திபெத்தியர் ஸ்வெட்டர் கடை போடுவார்கள். காஷ்மீரத்துச் சகோதரர்கள் சால்வை மூட்டையோடு வீட்டு வாசலுக்கே வருவார்கள். அவர்களிடம் நல்ல சரக்கும் உண்டு, லூதியானாவில் நெய்த செயற்கை இழைச் சரக்கும் உண்டு. விற்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டும். முதலில் கழுத்துப் பட்டியிலோ உட்தையலிலோ இருக்கும் துணிச் சீட்டைப் படியுங்கள். சுருண்ட நூற்கண்டு போன்ற 'வூல்மார்க்' முத்திரை 1964 முதல் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் முத்திரையையும் போலியாக அச்சடிக்கலாம் அல்லவா? எனவே உட்தையலிலிருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியால் பிடித்து, மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, மிஞ்சிய சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியானால் அது கம்பளி. பிளாஸ்டிக் வாடை வந்து, முனையில் கெட்டியான மணி திரண்டால் அது செயற்கை இழை. இரண்டும் கலந்து வந்தால் கலப்படம். கடைக்காரர் இதற்கு இணங்காவிட்டால் வேறு கடைக்குப் போவதில் தவறில்லை.

மெல்லிய பஷ்மினாவை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது திருமண வீட்டுக்கு உரியது. முள்ளுச்செடியில் ஒருமுறை மாட்டினால் போதும். காட்டுக்கு நெருக்கமாக நெய்து, நீரில் அடித்துச் சுருக்கிய தடித்த துணிதான் ஏற்றது. கம்பளி இழையின்மேல் ஓட்டு வீட்டுக் கூரைபோலச் செதில்கள் அடுக்கியிருக்கும். வெந்நீரும் அடியும் பட்டால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி இறுகும். இறுகிய துணியில் காற்று எளிதில் நுழையாது. ஆல்ப்ஸ் மலைவாசிகளின் 'லோடன்' துணி இப்படித்தான் உருவாகிறது. நீங்கள் வெந்நீரில் துவைத்ததால் உங்கள் பிள்ளையின் ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கியதும் இதே காரணத்தால்தான்!

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய துணிக்குப் பழைய மரபு உண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம், தருமபுரிப் பக்கங்களில் 'கருங்குறும்பை' என்னும் கருப்புச் செம்மறியாடு வளர்கிறது. அதன் மயிர் முரடானது. அதைக் கத்தரித்து நூற்றுக் கம்பளி நெய்வது குறும்பர் இனத்தாரின் தொழிலாக இருந்து வந்தது. ஆட்டிடையர் அந்தக் கம்பளியைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு மழையிலும் பனியிலும் நின்றார். இரவில் அதுவே பாய், அதுவே போர்வை. கர்நாடகத்துச் சள்ளகெரேப் பக்கத்தில் இன்றும் இத்தகைய கம்பளிக்கு, பாவு நூலில் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி நெய்கிறார்கள். நமைச்சல் தரும் என்பதும், நனைந்தால் ஆட்டு வாடை வீசும் என்பதும் உண்மைதான். இழையின் பருமன் முப்பது மைக்ரானைத் தாண்டினாலே தோலில் குத்தத் தொடங்கும். ஆகவே உள்ளே முழுக்கைச் சட்டை ஒன்று இருக்கட்டும். மெல்லிய மயிர் வேண்டுமானால் நீலகிரிச் செம்மறியிடம்தான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரினோ முதலிய வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவானது அது. அவ்வினத்துக்காக உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

என் யோசனை என்னவென்றால், ஆயத்த ஸ்வெட்டரைத் தேடி அலையாமல், ஒரு நல்ல கம்பளிப் போர்வையை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்து அங்கியாகத் தைத்துக்கொள்ளுங்கள். பானிப்பட்டில் பழைய துணிகளைக் கிழித்து நூற்ற போர்வைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் இழை குட்டையாக இருக்கும், கலப்படமும் மிகுதி. அவற்றையும் மெழுகுவத்தியில் சோதித்த பிறகே வாங்குங்கள். வாங்கிய போர்வையை வெட்டுவதற்கு முன் குளிர்ந்த நீரில் ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடட்டும்.

அளவு தொளதொளவென்று இருக்க வேண்டும். இறுக்கமானால் காற்றுக்கு இடமில்லை. காஷ்மீரத்து மக்கள் அணியும் 'ஃபெரன்' அத்தனை அகலமாக இருப்பதற்கு, உள்ளே காங்ரி என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொள்வது மட்டும் காரணமல்ல. நீளம் தொடையின் பாதி வரை போதும். அதற்குக் கீழே போனால் ஏறும்போது காலைத் தட்டும். நடு மார்பு வரை திறப்பு, அதன் பின்னால் காற்றைத் தடுக்க ஒரு மடிப்புத் துண்டு, அக்குளில் கையைத் தூக்க வசதியாக ஒரு சதுரத் துண்டு ஆகியவற்றைச் சொல்லித் தைக்கச் சொல்லுங்கள். நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். பாலியெஸ்டர் நூல் பொறி பட்டால் உருகித் தையல் விட்டுவிடும். பளபளப்பான உள் துணியும் இதே காரணத்தால் வேண்டாம். பித்தான் மரத்தாலோ கொட்டாங்கச்சியாலோ ஆனதாக இருந்தால் நல்லது.

கைப்பகுதிதான் நமக்கு மிக முக்கியம். சுப்ஹு நேரத்தில் ஓடை நீரில் ஒளுச் செய்ய வேண்டுமே! தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் கம்பளி ஜுப்பா அணிந்திருந்ததையும், அதன் கைகள் குறுகலாக இருந்ததால் முழங்கைவரை ஏற்ற இயலாமல், ஜுப்பாவின் கீழிருந்து கைகளை வெளியே எடுத்துக் கழுவியதையும் முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. அங்கி தைக்கக் கொடுத்த அன்று எனக்கு அந்த ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது. கையை அகலமாக வைத்து, மணிக்கட்டில் ஒரு பட்டியும் பித்தானும் வைக்கச் சொன்னேன். கழற்றினால் முழங்கைக்கு மேல் ஏறும். பூட்டினால் காற்று நுழையாது. (சூஃபி என்ற பெயரே கம்பளியைக் குறிக்கும் 'ஸூஃப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார் பலர். தையற்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பாய்" என்றார்!)

உடுத்தும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. ஏறும்போது அங்கியைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்த்து, உள் சட்டை நனைந்து, உட்கார்ந்ததும் உடல் நடுங்கும். தோளில் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஏறி, நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் நாம்தான் நினைவூட்ட வேண்டும். "குளிரவில்லை" என்று சொல்லிக்கொண்டே உதடு நீலம் பாரிக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கணப்பைப் பற்றியும் ஒரு சொல். காப்புக் காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அனுமதியுள்ள முற்றத்தில் மட்டும் மூட்டுங்கள். கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் அங்கியைப் பெட்டியில் திணித்துவிடாதீர்கள். ஒரு நாள் நிழற்காற்றில் உலர்த்தி, தூசியைத் தட்டினால் பெரும்பாலும் துவைக்கவே வேண்டியதில்லை. துவைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் குளிர்ந்த நிலையிலேயே அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பிக் காயவையுங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளி விருந்து. அதிலும் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடம் அதற்குப் பிரியாணி. சுத்தமாக, நன்றாகக் காய்ந்த பின், காய்ந்த வேப்பிலையோடு பழைய பருத்திப் புடவையில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை எடுத்து உதறிப் பாருங்கள். என் அங்கி நான்கு குளிர்காலம் கண்டுவிட்டது. இடது தோளில் பொறி விழுந்த மூன்று புள்ளிகள் இருக்கின்றன, அவற்றைத் தைக்கவில்லை. மருமகன் இப்போது அதைத் தனக்குக் கேட்கிறான்.