வடித்த ஒயில் எங்கே போகிறது?

உடுவிலில் கோல்ஃப் மைதானம் கிடையாது. இனி வரப்போவதும் இல்லை. வெங்காயம் நடுகிற செம்மண்ணைப் புல்லுக்கு விட்டுக்கொடுக்க இங்கே யாருக்கு மனம் வரும்? ஆனாலும் நுவரெலியாப் பக்கம் கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற பெற்றோல் வண்டியின் எஞ்சினும், மருதனார்மடத்துக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசினின் எஞ்சினும் ஒரே சாதி. இரண்டும் நாலு ஸ்ட்ரோக். இரண்டும் காற்றிலேயே சூடு தணிபவை. பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர். கோல்ஃப் வண்டிக்கு 300 முதல் 400 சீசீ, ஒயில் ஒரு லீற்றருக்கு மேல் போகும். தோட்ட மிசின் 160 சீசீ அளவில் நிற்கும். அதற்கு அரை லீற்றரும் இன்னும் கொஞ்சமும் போதும். கோல்ஃப் வண்டிகள் பலவற்றில் ஒயில் ஃபில்டர் உண்டு. தோட்ட மிசினில் அதுவும் இல்லை.

ஃபில்டர் இல்லாதது சின்ன விசயமில்லை. இந்த மிசின்களில் ஒயிலை அழுத்தி மேலே அனுப்பும் பம்பும் கிடையாது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். நிமிடத்துக்கு 3,000, 3,600 தடவை அது ஒயிலுக்குள் முங்கி, அள்ளி, உள்ளெங்கும் தெறிக்கவிடும். தேய்மானத்தில் உதிரும் இரும்புத்தூளும் அலுமினியத்தூளும் கரியும் எங்கேயும் வடிபடாமல் அதே அரை லீற்றருக்குள் சுற்றிச் சுற்றி வரும். அந்த அழுக்கை வெளியேற்ற ஒயிலை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

புது மிசினென்றால் முதல் 20 மணித்தியாலத்திலும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றவேண்டும் என்கின்றன உற்பத்தியாளர்களின் கைநூல்கள். கிழமைக்கு ஆறு மணித்தியாலம் இறைக்கிற தோட்டக்காரருக்கு நூறு மணித்தியாலம் நாலு மாதத்துக்குள் வந்துவிடும். வெங்காயமும் பீட்றூட்டும் புகையிலையும் மாறி மாறி நிற்கிற காணியென்றால் இன்னும் சுறுக்காக வரும். கோல்ஃப் வண்டிகள் சிலவற்றில் மணிக்கணக்குக் காட்டும் மீற்றர் உண்டு. இங்கே அந்தக் கணக்குத் தோட்டக்காரரின் தலைக்குள்தான் இருக்கிறது, பாதிப் பேருக்கு அங்கேயும் இல்லை.

உடுவில் என்றதும் வெளியூரார் 1824 இல் தொடங்கிய மகளிர் கல்லூரியைத்தான் சொல்வார்கள். உள்ளூராருக்கு இது தோட்ட ஊர், இறைப்பு ஊர். துலாவில் ஆள் ஏறி மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்தியில் தண்ணீர் மாறிய காலம் ஒன்று இருந்தது. 1950களிலும் 60களிலும் மிசின்கள் வந்து துலாவை ஓரங்கட்டின. மூன்று பேர் விடியற்காலையிலிருந்து செய்த வேலையை ஒருவர் தேத்தண்ணி குடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றானது. மிசினோடு கிணற்றடிக்கு வந்த இன்னொன்றைப் பற்றி அப்போது யாரும் கதைக்கவில்லை. கிணற்றடியில் எண்ணெய் சிந்துகிற பழக்கம்தான் அது.

பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1990களில் மோட்டார் சைக்கிளும் ஏ-40 காரும் அப்படித்தான் ஓடின. சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்த கைகளும் கால்களும் இன்னும் ஊரில் இருக்கின்றன. தோட்ட மிசின்களில் அந்தப் பழக்கம் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முழுதாக எரியாது. எரியாத மிச்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையாமல் கூடியிருக்கும். அதைக் கண்டு சந்தோசப்படுகிற ஆட்களும் உண்டு. உண்மையில் அது மண்ணெண்ணெய் கலந்து தண்ணீராகிப்போன ஒயில், நூறு மணித்தியாலம் தாங்காது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது அந்தப் பழக்கத்தைக் கைவிட்டவர்கள் பலர். விலையேற்றம் மிசின்களுக்குச் செய்த ஒரே நன்மை அது.

ஒயில் மாற்றுகிற வேலை பத்து நிமிடம். மிசினைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கவேண்டும். சூட்டில் ஒயில் இளகி, அடியில் படிந்த கரியையும் இழுத்துக்கொண்டு வரும். நிறுத்தியபின் மேடு பள்ளமில்லாத இடத்தில் வைத்து, டிப் ஸ்டிக்கைக் கழற்றி, அடியில் ஏதாவது பாத்திரம் வைத்து, வடிகால் போல்ட்டைத் திறக்கவேண்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் பொறுக்கவேண்டும், மிசினைக் கொஞ்சம் சரித்துக் கொடுத்தால் நல்லது. வோசரைப் பார்த்து, போல்ட்டை இறுக்கி, 10டபிள்யூ-30 ஒயிலை வாய் விளிம்புக்கு வரும்வரை ஊற்றினால் முடிந்தது. டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா செருகி அளவு பார்க்கவேண்டிய மிசின்கள் உண்டு. திருகி அளந்தால் இல்லாத ஒயில் இருப்பதாகக் காட்டும். கூட ஊற்றினாலும் வில்லங்கம்: வெள்ளைப் புகை தள்ளும், ஒயில் காற்று ஃபில்டருக்குள் ஏறும். நாட்டின் வெக்கைக்கு 40 ஒயில்தான் சரி என்று அடம்பிடிக்கிற பழைய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடி வென்றவர் இல்லை.

கைநூலில் அடுத்து வரும் வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. வடித்த ஒயிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற வரி அது.

தோட்டத்தில் பாத்திரம் தேடி வீட்டுக்கு யார் போவது? போல்ட்டைத் திறந்தால் ஒயில் நேரே மண்ணில் விழும். அல்லது ஒரு தகரத்தில் வடித்து வேலியோரம் கவிழ்த்துவிடுவார்கள். செம்மண் உறிஞ்சிவிடும், இரண்டு நாளில் தடமே தெரியாது. அந்த இடம் பெரும்பாலும் கிணற்றுக் கட்டிலிருந்து சில அடி தூரம்தான், ஏனென்றால் மிசின் நிற்கிற இடமே அது. உறிஞ்சு குழாய் ஏழெட்டு மீற்றருக்குக் கீழே தண்ணீரை இழுக்காது என்பதால் மிசினைக் கிணற்றைவிட்டுத் தூரத்தில் வைக்கவும் முடியாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிசினையே கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்குகிறவர்களும் உண்டு. புகையில் மூச்சடைத்து ஆள் சாகக்கூடிய விபரீதம் அது. போல்ட் இளகினால் ஒயிலும் நேரே தண்ணீருக்குள்தான் விழும்.

உடுவிலின் அடியில் என்ன இருக்கிறது என்பதை நினைத்தால் இந்த அரை லீற்றர் சிறிதாகத் தோன்றாது. செம்மண் சில அடி. அதன் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. தண்ணீர் அதற்குள் வடிகட்டப்படாமல் ஓடும். மணற்பாங்கான நிலத்தில் அழுக்கு மெல்ல மெல்ல இறங்கி, வழியில் பாதி நின்றுவிடும். இங்கே ஒரு வெடிப்புக் கிடைத்தால் போதும், ஒருவர் காணியில் இறங்கியது இன்னொருவர் கிணற்றில் தலைகாட்டும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு இந்தச் சுண்ணாம்புக்கல் செய்கிற வேலைக்கு எல்லோரும் அறிந்த சாட்சி. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டின் நன்னீர் முழுவதும் அப்படிக் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மாரி மழை அதை நிரப்புகிறது, மற்ற மாதங்களில் நாம் இறைத்துத் தீர்க்கிறோம். தெல்லிப்பழையில் தொடங்கிக் கந்தரோடை வழியாகப் போகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்ல இங்கே ஒன்றுமில்லை, அதுவும் மாரியில் மட்டும்தான். கிணறு கெட்டால் போக வேறு இடமில்லை.

ஒயில் தண்ணீரைவிட இலேசு. கிணற்றின் மேல்மட்டத்தில் படரும். மிசினின் குழாய் அடியிலிருந்து இழுப்பதால் தோட்டக்காரருக்கு அது தெரியாது. வீட்டுக் கிணற்றில் வாளி போட்டு அள்ளுகிறவருக்கு வருவது மேல் தண்ணீர்.

பக்கத்துச் சுன்னாகத்தில் அது நடந்தது. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் கிணறுகளில் எண்ணெய்ப்படலம் மிதப்பதாக மக்கள் வீதிக்கு வந்ததை மறந்தவர் வலிகாமத்தில் இருக்கமாட்டார். சந்திகளில் பிளாஸ்டிக் தாங்கிகள் முளைத்தன, பவுசரில் தண்ணீர் வந்தது. குழந்தைக்குப் பால் கரைக்கக்கூட விலைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கிய வீடுகள் உண்டு. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு. அது பெரிய அளவில் நடந்த கசிவு. யார் செய்தது, எவ்வளவு செய்தது என்பதெல்லாம் நீதிமன்றத்தில் பேசித் தீர்ந்த விசயம், இங்கே அதைக் கிண்டவேண்டியதில்லை. அதே கல்லுக்குள் அதே சாமானை நாமும் தோட்டத்துக்குத் தோட்டம் கொட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றித்தான் யாரும் ஊர்வலம் போகவில்லை.

கணக்குக்காக ஒரு நூறு மிசினை எடுப்போம். தலைக்கு அரை லீற்றருக்குச் சற்று மேல், வருடத்துக்கு மூன்று தடவை. 170 லீற்றருக்கு மேல் போகிறது, ஏறத்தாழ ஒரு பரல். லாண்ட் மாஸ்டர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒருமுறை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் சூழல் வெளியீடுகள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. அது அங்கே காரிலிருந்து வடிக்கிற நாலைந்து லீற்றருக்குச் சொன்ன கணக்கு. நம் அரை லீற்றருக்கு எட்டில் ஒன்று என்று வைத்தாலும் ஒரு ஊரின் கிணறுகளுக்குத் தாராளம்.

நைத்திரேற்றும் மலக்குழியும்தான் யாழ்ப்பாணக் கிணறுகளுக்குப் பெரிய எதிரி, ஒயில் பிறகுதான் என்று நீரியல் படித்தவர்கள் சொல்வதுண்டு. உர மூட்டையைப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. மின்சார மோட்டரும் சூரியசக்திப் பம்பும் வந்துவிட்டதால் இந்தப் பிரச்சினை தானாகவே தீரும் என்போரும் உண்டு. மின்கம்பி எட்டாத காணிகளில் மிசின் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பழைய ஒயிலை வீணாக்காத ஊர் இது என்று பெருமைப்படவும் ஆள் இருக்கிறது. பனஞ்சிலாகைக்கும் வளைக்கும் கறையான் ஏறாமல் பூசுகிறார்கள். கொங்கிறீட் போடும் பலகைக்குத் தடவுகிறார்கள். வேலிக் கட்டைக்கு இரண்டு பூச்சு. பூசியது அடுத்த மாரியில் கழுவுப்பட்டு எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது. ஓடிக் களைத்த ஒயிலில் எரிபொருள் எரிந்த மிச்சத்திலிருந்து சேர்ந்த, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய இரசாயனங்கள் இருக்கின்றன. புது ஒயில் போத்தலைத் திருப்பிப் பார்த்தால், பாவித்த ஒயில் தோலில் நெடுநேரம் படக்கூடாது என்ற எச்சரிக்கை பல போத்தல்களில் சின்ன எழுத்தில் இருக்கும். வெறுங்கையால் அதைப் பூசிவிட்டு, மண்ணெண்ணெயால் கையைக் கழுவி, சோற்றுக்கு உட்காருகிற பழக்கத்தை என்னவென்று சொல்வது?

சட்டம் இதில் தெளிவு. பாவித்த ஒயிலை விசேடமாகக் கையாளவேண்டிய கழிவுகளோடு சேர்த்து 2008 இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. வாகனச் சேர்விஸ் நிலையங்களில் ஒயில் பரலில் சேர்க்கப்பட்டு, எடுத்துப்போக ஆள் வருகிறது. சூளைகளிலும் உலைகளிலும் எரிக்க அதற்குக் கேள்வி உண்டு, காசும் உண்டு. அந்த ஏற்பாடு தார் வீதியோடு நின்றுவிடுகிறது, ஒழுங்கைக்குள் வருவதில்லை. தோட்டக்காரர் அரை லீற்றரைத் தூக்கிக்கொண்டு சேர்விஸ் நிலையத்துக்குப் போனால் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள். மிசின் திருத்துகிற கராச்சிலாவது வாங்கிவைக்கிறார்களா என்றால், எல்லாரும் இல்லை.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது என்பதற்காகக் கிணற்றின் கவலை விட்டதாக நினைக்கவேண்டாம். வெங்காயத்துக்கும் கோவாவுக்கும் குழாயில் தண்ணீர் வராது, நாம் சாப்பிடுவது அந்த வெங்காயத்தையும் கோவாவையும்தான்.

பெரிய திட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. மருதனார்மடம் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் மூடியுள்ள பரல் ஒவ்வொன்று, கிழமைக்கு ஒருநாள் பார்க்க ஒரு ஆள். மரக்கறி ஏற்றிவரும் அதே லாண்ட் மாஸ்டரில் ஒரு கானும் வரும். கமக்காரர் சங்கங்கள் மனம் வைத்தால் அடுத்த போகத்துக்குள் தொடங்கலாம். அதுவரைக்கும் தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: போல்ட்டைத் திறக்குமுன் மிசினைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி வையுங்கள், அடியில் பழைய தாச்சி ஒன்று வையுங்கள், வடித்ததை இறுகிய மூடியுள்ள கானில் சேருங்கள். அதற்குள் தண்ணீரோ பெற்றோலோ பூச்சிமருந்தோ கலக்கவேண்டாம். கலந்த ஒயிலைச் சேகரிப்பவர்கள் எடுக்கமாட்டார்கள்.