உலோகம் அறிந்து கருவி தேர்வோம்

பழனிமலைத் தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கொடைக்கானல். மூடுபனி தவழும் இவ்வூரில் ஈரமே இரும்பின் முதற்பகை. வாயிற்கதவின் கீல் துருப்பிடிக்கும்; தகரக்கூரையைத் தாங்கும் சட்டம் அரிக்கும்; ஊருக்குள் புகும் காட்டுமாடு கம்பிவேலியை வளைத்துவிடும். சிறு பழுதுக்கெல்லாம் பட்டறையை நாடினால் பொருளும் காலமும் செலவாகும். எனவே, வீட்டிலேயே ஒரு பற்றவைப்புக் கருவி வைத்துக்கொள்ளும் எண்ணம் பலருக்கும் எழுகிறது. எதனை வாங்குவது? விலையைப் பார்க்குமுன், இணைக்கப்போகும் உலோகத்தைப் பார்க்க வேண்டும்.

மின்வில்லின் பணி

மின்முனைக்கும் உலோகத்துக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளியில் மின்னோட்டம் பாயும்போது மின்வில் தோன்றுகிறது. அதன் வெப்பத்தில் இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகிக் கலந்து, பின் ஒன்றாக உறைகின்றன. உருகிய உலோகத்தைக் காற்று கெடுத்துவிடாமல் காக்கவும் வேண்டும். அக்காப்பினை அளிக்கும் முறையே கருவிகளை வகைப்படுத்துகிறது.

எஃகுக்கு ஏற்றது

பூச்சுள்ள மின்முனையைக் கொண்டு இயங்கும் இன்வெர்ட்டர் வகைக் கருவியே விலை குறைந்தது. பட்டறைகளில் 'ராடு' என வழங்கும் அம்மின்முனையின் பூச்சு, வாயுவாகவும் கசடாகவும் மாறி உருகிய எஃகை மூடிக்கொள்கிறது. இதற்குத் தனியாக வாயு உருளை வேண்டா. கதவு, சன்னல், கூரைச்சட்டம் ஆகியவற்றுக்கு இதுவே போதும். ஆனால், ஈரம் ஏறிய மின்முனையால் இணைப்பில் நுண்துளைகள் உண்டாகும். எனவே அதனைக் காற்றுப்புகாத கலத்தில் வைத்தல் வேண்டும்.

கம்பிச்சுருளைத் தானே செலுத்தும் 'மிக்' கருவி மெல்லிய தகட்டுக்கு நன்று. எனினும், வாயு உருளையால் செலவு கூடும். திறந்தவெளியில் மலைக்காற்று அக்காப்பு வாயுவைக் கலைத்துவிடும்.

அலுமினியத்தின் இயல்பு

அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதன்மேல் படிந்துள்ள ஆக்சைடு ஏடு உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். இவ்வேட்டை நீக்கவே, டங்ஸ்டன் மின்முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட 'டிக்' முறையில் மாறுதிசை மின்னோட்டம் பயன்படுகிறது. அதன் ஓர் அரைச்சுற்று ஆக்சைடைச் சிதைக்கிறது. மற்றோர் அரைச்சுற்று உலோகத்தை உருக்குகிறது.

விலை குறைந்த டிக் கருவிகள் பல, நேர்த்திசை மின்னோட்டம் மட்டுமே தருபவை. அவை எஃகை இணைக்கும்; அலுமினியத்துக்கு உதவா. 'ஏசி/டிசி' என்னும் குறிப்புள்ள கருவியோ பன்மடங்கு விலையுடையது. ஆண்டுக்கு ஓரிரு அலுமினிய வேலைகளே இருப்பின், அவற்றைத் தேர்ந்த பட்டறையிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

பேரி, பிளம்ஸ் மரங்களில் காய் பறிக்க உதவும் அலுமினிய ஏணி முறிந்தால், அதனை வீட்டில் ஒட்டவைத்தல் தகாது. பற்றவைப்பின் வெப்பத்தால் இணைப்பை ஒட்டிய பகுதி வலிமை இழக்கிறது. பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் அவ்வேணி, ஏறியவரின் எடை தாங்காது முறியக்கூடும்.

மின்சாரமும் மலையுயரமும்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். 2.5 மில்லிமீட்டர் மின்முனைக்கு 80 ஆம்பியர் அளவு போதும். அப்போது மின்வில்லின் திறன் ஏறத்தாழ 1,860 வாட். கருவியின் இழப்புகளையும் சேர்த்தால், அது சுவரிலிருந்து 14 ஆம்பியர் அளவில் இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பு இதைத் தாங்கும். 120 ஆம்பியரில் வேலை செய்தாலோ அவ்வளவு 20 ஆம்பியரைக் கடந்துவிடும். எனவே, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட '200 ஆம்பியர்' என்னும் எண்ணைவிட, வீட்டு மின்கம்பியின் தாங்குதிறனே முதன்மையானது.

கருவியின் 'பணிச்சுழற்சி' 60 விழுக்காடு என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பற்றவைத்து நான்கு நிமிடம் ஓய்வு தரவேண்டும் என்பது பொருள். பன்னாட்டுத் தரவிதிகள் இக்கருவிகளை 1,000 மீட்டர் உயரம் வரையிலான பயன்பாட்டுக்கே வகுத்துள்ளன. கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி தரும் குளிர்ச்சியும் குறையும். ஊரின் குளிர் அதனை ஓரளவே ஈடுசெய்யும். ஆதலால், சற்றுக் கூடுதலாக ஓய்வு தருவது நன்று.

காப்பும் விலையில் அடங்கும்

முகக்கவசம், தோல் கையுறை, முறையான புவித்தொடுப்பு ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கருவியின் விலையைக் கணக்கிட வேண்டும். ஈரத்தரையில் நின்று பற்றவைத்தல் உயிருக்கு இடர். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்த அறையில் புகை தேங்கும். காற்றைவிடக் கனமான ஆர்கான், மூச்சுக்குரிய ஆக்சிஜனை விலக்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைச் சூடேற்றினால் எழும் புகை காய்ச்சலைத் தரும். தெறிக்கும் பொறியால் மரத்தளமும், கோடையில் காய்ந்த மலைப்புல்லும் தீப்பற்றக்கூடும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்பு தனிப்பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனம் 1975இல் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி அளிக்கிறது. முதலில் உலோகத்தை அறிவோம்; அடுத்துக் கைத்திறன் பெறுவோம்; அதன்பின் கருவியை வாங்குவோம். அவ்வாறு வாங்குவதே மலிவானது.