ஸ்ட்ரூவைட்: கழிவில் உருவாகும் உரக் கனிமம்

மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் ஆகிய மூன்றும் சம எண்ணிக்கையில் சேர்ந்து, ஆறு நீர் மூலக்கூறுகளையும் பிணைத்துக்கொண்டு உருவாகும் கனிமம் ஸ்ட்ரூவைட் ஆகும். உயிர்க்கழிவு தேங்கிய இடங்களிலேயே, அதாவது வௌவால் எச்சம் படிந்த குகைகளிலும் பழைய எருக்குழிகளிலும், இது இயற்கையில் அரிதாகத் தோன்றுகிறது. 1845இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மண்ணுக்கடியில் கிடைத்த இதன் படிகங்களை ஆராய்ந்த உலெக்ஸ் என்பவர், கனிமங்களைச் சேகரித்துவந்த ருஷ்யத் தூதர் ஸ்ட்ரூவேயின் பெயரை இதற்குச் சூட்டினார்.

நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும் இப்படிகம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவுகோலில் 2ஐத் தாண்டாததால், நகத்தாலேயே கீறத்தக்க அளவு மென்மையானது. இதன் முதன்மைப் பண்பு, காரத்தன்மை மிகுந்த நீரில் கரையாமல் படிந்து, அமிலம் பட்டால் எளிதில் கரைவதாகும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகளின் யூரியேஸ் என்னும் நொதி சிதைக்கும்போது அமோனியா வெளிப்பட்டு நீர் காரமாகிவிடுவதால், அங்கே ஸ்ட்ரூவைட் படிகிறது. கிருமித்தொற்றால் உண்டாகும் ஒருவகைச் சிறுநீரகக் கல்லும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய்களை அடைக்கும் படிவும் இவ்வாறு தோன்றுபவையே.

குழாயை அடைக்கும் இப்பொருள் வயலுக்கு உரமாகிறது. எடையில் 12.6 விழுக்காடு பாஸ்பரஸ் கொண்ட இதில், உரக் கணக்கில் பாஸ்பரஸ் ஆக்சைடாக (P₂O₅) அளக்கப்படும் மணிச்சத்து ஏறத்தாழ 29 விழுக்காடும், தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் 5.7 விழுக்காடும் உள்ளன. காவிரிப் படுகையில் குறுவை, சம்பா நெற்பயிர்களுக்கு அடியுரமாக இடப்படும் டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) நீரில் விரைந்து கரைந்து, அதன் மணிச்சத்தில் ஒரு பகுதி மண்ணின் இரும்போடும் சுண்ணாம்போடும் பிணைந்து முடங்கிவிட, ஸ்ட்ரூவைட்டோ வேர்கள் சுரக்கும் அமிலத்தால் சிறுகச் சிறுகக் கரைந்து சத்தை விடுவிக்கிறது. ஆயினும் இதன் தழைச்சத்து நெல்லுக்குப் போதாது என்பதால், மேலுரமாக யூரியா இடுவதை இது தவிர்த்துவிடாது.

இதனை உருவாக்கத் தேவையான பொருள்கள் காவிரிப் படுகையிலேயே உள்ளன. திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் சூழல் கழிப்பறைகள் அமைக்கப்பட்டன. படுகையின் கடலோர முனையிலுள்ள வேதாரண்யம் உப்பளங்களில் உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீர் மக்னீசியம் செறிந்தது. அச்சிறுநீரும் இக்கசப்பு நீரும் தக்க அளவில் கலந்தால், சோற்றோடு வயலைவிட்டு நீங்கிய மணிச்சத்து, சாக்கடைக்குப் போகாமல் படிகமாகத் திரண்டு மீண்டும் வயலுக்கே திரும்ப வழியுண்டு.