சாஸில் புரண்டும் மொறுமொறுக்கும் கோழி

கொரியாவின் யாங்னியோம் சிக்கன் சிவந்த சாஸ் பூசிப் பளபளவென்று தட்டுக்கு வரும். கடித்தால் நறுக்கென்று உடையும். பொரித்த பண்டத்துக்கு முதல் எதிரி ஈரம் என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். எண்ணெயிலிருந்து எடுத்த கோழியை வேண்டுமென்றே சாஸில் போட்டுப் புரட்டியும் அதன் மேலோடு தொளதொளக்காமல் நிற்கிறதே, எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மாவு, எண்ணெய், சர்க்கரை மூன்றின் குணமும் பிடிபட்டுவிடும்.

கொரியாவில் கோழியை எண்ணெயில் முக்கிப் பொரிப்பது பழைய வழக்கமல்ல. முழுக்கோழியைத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியோடோ சாறோடோ சாப்பிடுவதுதான் அவர்களுடைய மரபு. 1960இல் சியோலின் மியோங்டோங் பகுதியில் மின்அடுப்பில் சுழற்றிச் சுட்ட கோழி விற்பனைக்கு வந்து பெயர் வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் சோயா எண்ணெயை ஆலைகள் பெருமளவில் பிழியத் தொடங்கிய பிறகே, ஒரு சட்டி நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிப்பது சாதாரணக் கடைக்காரருக்குக் கட்டுப்படியானது. 1977இல் சியோலின் ஷின்செகே பல்பொருள் அங்காடியில் 'லிம்ஸ் சிக்கன்' என்ற பொரித்த கோழிக் கடை திறந்தது.

சாஸ் பிறந்த ஊர் தேகு. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கோழிக்கடை நடத்திய யூன் ஜோங் கே என்பவரையே யாங்னியோம் சிக்கனின் தந்தை என்று கொரியர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். பொரித்த கோழி ஆறிப்போனால் சதை வறண்டுவிடுகிறது, கெட்டியான மேலோடு வாயைக் குத்துகிறது என்பது வாடிக்கையாளர்களின் குறை. அவர் மிளகாயும் பூண்டும் சேர்த்துப் பல மாதங்கள் சாஸ் செய்து பார்த்தார். ருசி கூடிவரவில்லை. அக்கம்பக்கத்துப் பாட்டி ஒருவர் 'முல்யோத்' ஊற்றிப் பார் என்றாராம். அப்போதுதான் பதம் அமைந்தது. முல்யோத் என்பது தானிய மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பிசுபிசுப்பான இனிப்புப் பாகு. நம் கேள்விக்கான விடையில் பாதி இந்தப் பாகுக்குள்தான் இருக்கிறது. மீதிப் பாதியை எண்ணெய்ச் சட்டியில் தேட வேண்டும்.

கோழித் துண்டைச் சூடான எண்ணெயில் போட்டதும் சடசடவென்று குமிழிகள் கிளம்புகின்றனவே, அது எண்ணெய் கொதிப்பதல்ல. மாவிலும் கறியிலும் உள்ள தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியேறுகிறது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் எளிதில் உள்ளே நுழைய முடியாது. பொரித்த பண்டம் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டியிலிருந்து எடுத்த பிறகுதான். சூடு இறங்க இறங்க உள்ளேயிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடம் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளிழுக்கும். அதனால் எடுத்தவுடனே நன்றாக வடிய விட வேண்டும். காகிதத்தின்மேல் குவிப்பதைவிடக் கம்பித் தட்டில் பரப்புவது மேல். காகிதத்தில் கிடக்கும் துண்டின் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே நனைந்துவிடும்.

மேலோட்டைக் கட்டுவது மாவுச்சத்து. ஈரத்தோடு சுமார் 60, 70 டிகிரியைத் தொட்டதும் அதன் மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழாகும். சூடு மேலும் ஏறித் தண்ணீர் பறந்துவிட்டால் அந்தக் கூழ் நுண்ணிய துளைகளோடு இறுகிக் கண்ணாடித் தன்மை அடையும். வேதியியலாளர்கள் இதைக் கண்ணாடி நிலை என்றே சொல்வார்கள்: வளையாது, உடையும். கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கி அது ரப்பர் நிலைக்கு இறங்கிவிடும். நமத்துப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான். கோதுமை மாவில் குளூட்டன் என்ற புரதப் பிணைப்பு இருப்பதால் மேலோடு நன்றாகச் சிவக்கும், ஆனால் சவசவக்கவும் செய்யும். அதனால்தான் பல கொரியச் சமையல்காரர்கள் உருளைக்கிழங்கு மாவுச்சத்தை நாடுகிறார்கள். நம் வீட்டில் சோளமாவு அந்த வேலையைச் செய்யும்.

அடுத்தது இரண்டாம் பொரிப்பு. இந்தப் பண்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். முதல் பொரிப்பில் மேலோடு காய்ந்திருக்கும், உள்ளே கறியில் நிறையத் தண்ணீர் இருக்கும். ஈரம் சும்மா இருக்காது; காய்ந்த பக்கம் நோக்கி நகர்ந்து சில நிமிடங்களில் மேலோட்டில் வந்து சேரும். அந்த நேரத்தில் தொட்டுப் பார்த்தால் துண்டு இளகியிருக்கும். அப்போது கூடுதல் சூட்டில் சிறிது நேரம் மறுபடி பொரித்தால், வெளியே வந்து சேர்ந்த ஈரம் மட்டும் பறந்துபோகும். கறி முன்பே வெந்துவிட்டதால் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மேலோட்டை மட்டும் கவனிக்கலாம். ஒரே மூச்சில் இதைச் செய்ய முயன்றால், சூடு அதிகமானபோது எலும்போரம் வேகுமுன் மேலே கருகும்; குறைந்தபோது மேலோடு மொறுமொறுப்பதற்குள் கறி வறண்டுவிடும். கொரியக் கடைகள் பெரும்பாலும் சுத்தம் செய்தபின் ஒரு கிலோவை ஒட்டிய எடையுள்ள சின்னக் கோழிகளை வாங்குவதற்கும் இதில் ஒரு பயன் உண்டு. துண்டு சிறியதானால் உள்ளே சீக்கிரம் வெந்துவிடும்.

இப்போது சாஸுக்கு வருவோம். ஜீராவில் ஊறி எழுந்த ஜிலேபி மொறுமொறுவென்று இருப்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் நனைத்தால் அதே ஜிலேபி நொடியில் குழைந்துவிடும். கெட்டிப் பாகிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் சர்க்கரை மூலக்கூறுகள் அதை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் மேலோட்டுக்குள் ஓடிவர அதற்குச் சுதந்திரம் இல்லை. யாங்னியோம் சாஸைக் கொதிக்கவைத்துச் சுண்டவைப்பதன் நோக்கம் இதுதான். வெறும் சர்க்கரை போட்டால் ஆறும்போது பூத்து மணல்மணலாகிவிடக்கூடும். முல்யோத்தில் உள்ள மால்டோஸும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் அப்படிப் பூப்பதைத் தடுத்து, கண்ணாடிபோன்ற பளபளப்பையும் தருகின்றன. பாட்டியின் யோசனை ருசிக்காக மட்டும் பலித்ததல்ல.

கெட்டியாக இருந்தாலே ஈரம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊர் உணவகங்களில் சில்லி சிக்கனின் சாஸ் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியது. பார்வைக்குக் கூழாக இருந்தாலும் அதிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதி கட்டுப்படாத தண்ணீர்தான். மேசைக்கு வந்து ஐந்து நிமிடத்தில் அது நமத்துப்போவதற்குக் காரணம் அதுவே.

சாஸின் காரத்துக்கு கொச்சுஜாங். மிளகாய்ப்பொடி, பசையரிசி, புளித்த சோயா, உப்பு சேர்த்து நாள்பட ஊறவைத்த விழுது அது. காரம், இனிப்பு, உப்போடு சோயா புளித்ததன் ஆழ்ந்த சுவையும் அதில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய் நமக்கு வந்ததுபோலவே கொரியாவுக்கும் கடல் வாணிபத்துக்குப் பின்தான் வந்து சேர்ந்தது. இன்று மிளகாய் இல்லாத கொரியச் சமையலை நினைக்கவே முடியவில்லை.

மொறுமொறுப்பை நாம் நாக்கால் மட்டுமல்ல, காதாலும் உண்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் சம்பினியும் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிப்ஸ் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கி வழியாகக் கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாக உண்டவர்கள் சொன்னார்கள். மேலோட்டின் நுண்துளைச் சுவர்கள் ஒவ்வொன்றாக உடைவதன் ஓசைதான் நமக்கு அந்த இன்பத்தைத் தருகிறது.

1997இன் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த கொரியர்கள் பலர் சிறுமுதலில் திறந்தது கோழிக்கடைதான். 2002 உலகக்கோப்பைக் கால்பந்தை வீதிகளில் கூடி ரசித்த கூட்டம் கோழியையும் பீரையும் பிரிக்க முடியாத இணையாக்கியது. தேகுவில் 2013 முதல் அந்த இணைக்கென்றே விழா எடுக்கிறார்கள்.

வீட்டில் செய்ய: ஒரு கிலோ கோழியைச் சிறு துண்டுகளாக வெட்டி, உப்பு, மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றியெடுங்கள். மூன்று பங்கு சோளமாவுக்கு ஒரு பங்கு மைதா கலந்து அதில் புரட்டி, ஒட்டாத மாவை உதறிவிடுங்கள். எண்ணெய் 165 டிகிரிக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எட்டிலிருந்து பத்து நிமிடம் பொரியுங்கள். சட்டியை நிரப்பினால் எண்ணெய்ச் சூடு இறங்கிவிடும். கறியின் நடுவில் 74 டிகிரி இருந்தால் வெந்தது. கம்பித் தட்டில் எட்டு நிமிடம் ஆறவிட்டு, 185 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் மறுபடி பொரியுங்கள். குமிழிகள் அடங்கினால் ஈரம் தீர்ந்தது என்று பொருள்.

சாஸுக்கு கொச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, தக்காளி கெச்சப் மூன்று, சோயா சாஸ் ஒன்று, பொடியாக நறுக்கிய பூண்டு ஒன்று. முல்யோத் கிடைக்காவிட்டால் பேக்கரிச் சாமான் கடைகளில் விற்கும் லிக்விட் குளுக்கோஸோ தேனோ ஐந்து மேசைக்கரண்டி போதும். சிறு தீயில் கிளறி, கரண்டியிலிருந்து நாடாவாக விழும்வரை சுண்டவையுங்கள். தீ கூடினால் சர்க்கரை கருகிக் கசக்கும். கொச்சுஜாங்குக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் நிறம் வரும், புளித்த சுவை வராது.

கோழியைச் சூடாக இருக்கும்போதே சாஸில் ஒரு புரட்டு புரட்டி, வறுத்த எள்ளும் உடைத்த வேர்க்கடலையும் தூவுங்கள். பக்கத்தில் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்த முள்ளங்கித் துண்டுகள் இருக்கட்டும். எண்ணெயின் திகட்டலை அவைதான் அறுக்கும். மீதியை எடுத்து வைக்க வேண்டுமானால் முழுக்க ஆறும்வரை பாத்திரத்தை மூடாதீர்கள். கொரியாவில் வீட்டுக்குக் கொண்டுவரும் கோழிப் பெட்டிகளில் ஆவி வெளியேறத் துளை விட்டிருப்பார்கள்.