செரெங்கெட்டியில் ஒரு வாரம்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் நால்வரின் பயணத் திட்டம்)

“ஒரு வாரம் விடுமுறை, கையில் போதிய பணம். எந்த நாட்டிற்குச் செல்வீர்கள்? திட்டம் எழுதி வாருங்கள்” என்று எங்கள் புவியியல் ஆசிரியை இவ்வாண்டு எங்கள் வகுப்பைக் கேட்டார்கள். சிலர் பாரிஸ் என்றார்கள். சிலர் சிங்கப்பூர் என்றார்கள். நாங்கள் நால்வர் மட்டும் ஆப்பிரிக்காவைத் தேர்ந்தெடுத்தோம். சிங்கத்தைக் கூண்டுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. எங்களிடம் பயணச்சீட்டு இல்லை. அட்லஸும் அளவுகோலும்தான் இருந்தன. ஆயினும் அந்தத் திட்டத்தை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் கற்றது மிகுதி. அதை நம் பள்ளித் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கே செல்வது?

‘சஃபாரி’ என்பது சுவாஹிலி மொழிச் சொல். பயணம் என்று பொருள். அரபியிலிருந்து அம்மொழிக்கு வந்தது. சஃபாரிக்குப் பெயர் பெற்ற பூங்காக்கள் ஆப்பிரிக்காவில் பல உண்டு. அவற்றுள் தான்சானியா நாட்டின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவை நாங்கள் தெரிவு செய்தோம். 1951-ல் தொடங்கப்பட்ட இப்பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். 1981-ல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மசாய் மக்களின் மொழியில் ‘முடிவில்லாத சமவெளி’ என்பது இப்பெயரின் பொருள் என்பர்.

சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிறுத்தை, சிவிங்கிப்புலி, கழுதைப்புலி, நீர்யானை, முதலை அனைத்தும் இங்கு உண்டு. புலியைத் தேடுவோர் ஏமாந்து போவார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது!

எப்போது செல்வது?

இந்தக் கேள்வியில்தான் எங்களுக்குள் சண்டை மூண்டது.

செரெங்கெட்டியின் தனிச்சிறப்பு வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் இடப்பெயர்ச்சி. மாட்டின் தலையும் குதிரையின் வாலும் கொண்டது போன்ற தோற்றமுடைய இவ்விலங்குகள் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேல், இரண்டு இலட்சம் வரிக்குதிரைகளோடு ஆண்டு முழுதும் வட்டமாக நடந்துகொண்டே இருக்கின்றன. காரணம் மழையும் புல்லும்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை தென்கிழக்குச் சமவெளியில் குட்டைப் புல் செழித்திருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த அம்மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. பாலூட்டும் தாய்க்கு அவை தேவை. ஆகவே பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் இலட்சக்கணக்கான கன்றுகள் அங்கே பிறக்கின்றன. மே மாதம் அப்புல் காயத் தொடங்க, மந்தை மேற்கே குருமெட்டி ஆற்றை நோக்கி நகரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடந்து கென்யாவின் மசாய் மாரா வரை சென்று, நவம்பர் மழையில் மீண்டும் தெற்கே திரும்பும்.

மாரா ஆற்றில் முதலைகளுக்கிடையே மந்தை பாயும் காட்சியைத்தான் நாங்கள் அனைவரும் முதலில் விரும்பினோம். ஆனால் ஜூலையில் பள்ளி நடக்கும். பிப்ரவரியிலோ பொதுத் தேர்வு தலைக்கு மேல் நிற்கும்! நமக்குக் கிடைப்பது ஏப்ரல், மே விடுமுறை மட்டுமே. அங்கே அதுதான் பெருமழைக் காலம்.

“அப்படியானால் ஒரு வாரம் விடுப்பு எடுத்தாவது ஜூலையில் போவோம்” என்றாள் ஒருத்தி. மற்றொருத்தி மறுத்தாள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் கூட்டமாக நின்று கரையை அடைத்துவிடுவதைப் பற்றி அவள் படித்திருந்தாள். 2025 ஜூலையில் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையோரம் நின்று மந்தையின் வழியை மறித்த காட்சி உலகெங்கும் பரவிக் கண்டனத்திற்கு உள்ளானது. மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் மூழ்கி இறக்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவ்வுடல்கள் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் உணவாவது இயற்கையின் ஏற்பாடு. ஆனால் இறங்க வேண்டிய துறையை நாம் அடைத்து நின்றால், செங்குத்தான கரையில் அவை இறங்க நேரிடும். “நாம் பார்க்க வேண்டும் என்பதற்காக அவை சாக வேண்டுமா?” என்று அவள் கேட்டாள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

முடிவில் மே மாதத்தின் கடைசி வாரத்தைக் குறித்தோம். மழை ஓயும் தறுவாய். மந்தை மேற்கு நோக்கி நீண்ட வரிசையாக நடக்கும் காலம். கூட்டம் குறைவு, விடுதிக் கட்டணமும் குறைவு. சாலையில் சேறு இருக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எப்படிச் செல்வது?

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிக் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கலாம். பக்கத்து நகரம் அருஷா. அங்கிருந்து பூங்காவின் நடுப்பகுதியான செரொனெராவுக்குச் சாலை வழி சுமார் 330 கிலோமீட்டர். எங்கள் திட்டம் இதுதான்:

முதல் நாள் அருஷாவில் ஓய்வு. இரண்டாம் நாள் மன்யாரா ஏரி வழியாக, அணைந்துபோன எரிமலையான இங்கொரொங்கொரோவின் விளிம்பை அடைதல். மூன்றாம் நாள் ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தைக் கண்டு, நாபி குன்று வாயில் வழியாகப் பூங்காவில் நுழைதல். (1959-ல் மேரி லீக்கி அம்மையார் பதினேழு இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனித இன மண்டையோட்டைக் கண்டெடுத்தது இப்பள்ளத்தாக்கில்தான்.) நான்காம், ஐந்தாம் நாட்களில் செரொனெராவும் மேற்குப் பகுதியும். ஆறாம் நாள் திரும்புதல். ஏழாம் நாள் விமானம்.

நுழைவுக் கட்டணம் இருபத்து நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. நண்பகலில் நுழைந்தால் நண்பகலில் வெளியேற வேண்டும். தாமதித்தால் மற்றொரு நாள் கட்டணம்! எனவே புறப்படும் நேரத்தையும் திட்டத்தில் எழுதிக்கொள்வது சிக்கனம்.

முன்னேற்பாடுகள்

பாஸ்போர்ட்டும் விசாவும் முதல் தேவை. கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் வழியே செல்வோர் அதற்கான தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வைத்திருத்தல் அவசியம். சான்றிதழ் இன்றி இந்தியா திரும்பினால் ஆறு நாட்கள் வரை தனிமையில் வைப்பார்கள். சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தில் இத்தடுப்பூசி போடப்படுகிறது. பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டாக வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆடை விஷயத்தில் எங்களுக்கு உதவியவர், தான்சானியாவில் மிஷன் மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவர். “முதலில் ஸ்வெட்டரை எடுத்து வையுங்கள்” என்றார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் ஸ்வெட்டரா என்று நாங்கள் சிரித்தோம். அட்லஸைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. இங்கொரொங்கொரோவின் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். உதகையைப் போலக் குளிரும். கருநீலமும் கறுப்பும் உடுத்தக் கூடாது. ட்செட்ஸி என்னும் கடிக்கும் ஈயை அவ்வண்ணங்கள் இழுக்கும். நமது சீருடையில் போனால் ஈக்களுக்குத்தான் விருந்து! காக்கி, பழுப்பு நிறங்களே ஏற்றவை. பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு செல்லக் கூடாது. 2019 ஜூன் முதல் அந்நாட்டில் அவற்றுக்குத் தடை. ஆளுக்கொரு தொலைநோக்கி இருந்தால் நல்லது.

சகோதரி சொன்ன மற்றொரு செய்தி சுவையானது. சுவாஹிலி பேசுவோர் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் முன்னோர் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போலவே. வண்டியோட்டி “பன்னிரண்டு மணிக்குப் புறப்படுவோம்” என்றால் அது காலை ஆறு மணியாக இருக்கலாம். கேட்டுத் தெளிந்துகொள்ளாவிட்டால் வண்டி போய்விடும்!

எப்படி நடந்துகொள்வது?

வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பாதையை விட்டு விலகக் கூடாது. விலங்குகளுக்கு உணவு தரக் கூடாது. சத்தம் போடக் கூடாது. காலையும் மாலையுமே விலங்குகளைக் காண ஏற்ற வேளை. சிங்கம் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கும். அது எழவில்லை என்று கை தட்டுவது விருந்துக்குப் போன வீட்டில் உறங்குபவரை எழுப்புவதற்கு ஒப்பாகும்.

அது யாருடைய நிலம்?

இக்கேள்வியைக் கடைசியில்தான் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அச்சமவெளியில் மசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வந்தார்கள். 1959-ல் அவர்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே ஆண்டு உருவான இங்கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்தும் மசாய் குடும்பங்களைத் தொலைவிலுள்ள ம்சோமேரா என்னும் ஊருக்கு மாற்றும் பணி 2022-ல் தொடங்கியது. விருப்பப்பட்டோரே செல்கிறார்கள் என்கிறது அரசு. வற்புறுத்தல் என்கிறார்கள் மசாய் மக்களில் பலர்.

மாடுகள் காட்டுக்குப் பகை என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் ஒரு செய்தி எங்களை வியக்க வைத்தது. 1890-களில் பரவிய மாட்டு வெக்கை நோய் மசாய் மாடுகளையும் வில்டபீஸ்ட்டுகளையும் சேர்த்தே அழித்தது. பின்னர் பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டபோது, ஊசியே போடாத வில்டபீஸ்ட்டுகளிடமும் நோய் மறைந்தது! 1960-களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை இலட்சமாக இருந்த அவை 1970-களின் இறுதியில் பதின்மூன்று இலட்சமாயின. அவை புல்லை மேய்ந்ததால் காட்டுத்தீ குறைந்தது. மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. மேய்ப்பவரின் மாடு நலமானதால் காடும் நலமானது.

எனவே எங்கள் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தோம்: வழிகாட்டியும் தங்குமிடமும் கூடியவரை அவ்வூர் மக்களுடையதாக இருக்க வேண்டும்; மசாய் மக்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

எங்கள் நால்வரில் ஒருத்தியும் இதுவரை விமானம் ஏறியதில்லை. நாங்கள் செரெங்கெட்டிக்கு என்றாவது செல்வோமா என்பதும் தெரியாது. ஆனால் எதைப் பார்ப்பது என்று தொடங்கிய நாங்கள், எதைப் பார்க்காமல் விடுவது என்றும் எழுதி முடித்தோம். அந்தத் தாள் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. ஆண்டை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.