ஜீன்ஸ் துணியை வெளுத்து மறுசாயம் ஏற்றுதல்

சென்ற மழைக்காலத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடைய ஜீன்ஸ் காற்சட்டையைக் கொணர்ந்து காட்டினார். நிறம் மங்கிய அதனை வெளுத்துக் கருஞ்சாயம் ஏற்றக் கருதிய பையன், பிளீச்சிங் பவுடர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டிருந்தான். தொடைப்பக்கத்தைச் சற்றே இழுத்ததும் துணி காகிதம் போலக் கிழிந்தது. "ஐயா, சாயந்தானே போகணும், நூல் ஏன் போச்சு?" என்று கேட்டார் அவர். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுதுகிறோம்.

நீலம் நிற்கும் விதம்

டெனிம் முற்றிலும் நமக்குப் பழகிய பருத்தித் துணியே. பாவு நீலம், ஊடை வெள்ளை. சாய்வரி நெசவில் பாவு நூலே மேற்புறம் மிகுதியாகத் தெரியும். அப்பாவை நீலத்தொட்டியில் தோய்ப்பதும் காற்றில் பிடிப்பதுமாகப் பன்முறை செய்வர். எனவே நீலம் நூலின் மேற்புறத்தில் வளையமாகப் படிகிறது. உள்நூல் வெண்மையாகவே இருக்கிறது. தேயத் தேய ஜீன்ஸ் வெளுப்பது இதனாலேயே. முன்னாளில் அவுரிச் செடியினின்று எடுத்த அதே நீலத்தை, 1897ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியில் ரசாயன முறையில் செய்து விற்கத் தொடங்கினர்.

குளோரின் கரைசல் இந்நீலத்தை விரைவாகச் சிதைக்கிறது. அதுவே பஞ்சின் நாரையும் சிதைக்கும், ஆனால் மெதுவாக. இவ்விரு வேகங்களுக்கும் இடையிலுள்ள சிறு அவகாசத்தில்தான் நாம் வேலையை முடிக்கவேண்டும். இரவு முழுவதும் ஊறவிட்டால் அந்த எல்லை கடந்துவிடும்.

வெளுக்கும் முறை

முதலில் துணியின் சீட்டைப் பார்க்க வேண்டும். ஸ்பாண்டெக்ஸ் கலந்த துணியைக் குளோரினில் இடலாகாது. நீட்சி கெட்டுத் தொய்ந்துபோகும். கறுப்பு ஜீன்ஸில் பெரும்பாலும் கந்தகச் சாயம் இருப்பதால் வெண்மை வராது, பழுப்பே வரும்.

லிட்டருக்கு 20 கிராம் வீதம் புதிய பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்துக் கொள்க. கரையாத துகள் ஒட்டினால் அங்கே துளை விழும். துணியை நனைத்துப் பிழிந்து தண்ணீர்ச் சூட்டிலேயே அமிழ்த்துக, வெந்நீர் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்து, அரைமணிக்குள் எடுத்துவிட வேண்டும். ஈரத்தில் நிறம் கருமையாகத் தோன்றுமாதலால் வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே எடுப்பது நலம்.

அலசினால் மட்டும் குளோரின் போகாது. புகைப்படக்காரர் கையாளும் ஹைப்போவை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து மீண்டும் அலசுக. இதற்குக் காடியை ஊற்றும் வழக்கம் தவறு. அமிலம் பட்டால் நச்சுக் காற்று எழும். நூலும் இன்னும் கெடும். கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அமோனியாவையோ அருகிலும் கொண்டு வரலாகாது. கையுறை அணிந்து, திறந்த வெளியில் செய்க.

மறுசாயம்

பழைய நீலத்தின்மேல் மஞ்சள் இட்டால் பச்சை, சிவப்பு இட்டால் ஊதா. வெளிறிய துணிக்குக் கருநீலமும் கறுப்புமே தவறாதவை.

பருத்திக்கு ஏற்றது, வெதுவெதுப்பான நீரிலேயே ஏறும் ரியாக்டிவ் சாயம். 700 கிராம் எடையுள்ள காற்சட்டைக்கு 14 லிட்டர் நீர், 28 கிராம் சாயம், 700 கிராம் உப்பு, 280 கிராம் சலவைச் சோடா போதும். சாயத்தையும் உப்பையும் கரைத்த நீரில் துணியை அரைமணி புரட்டுக. பின்பு சோடாவைத் தனியே கரைத்து, துணியை ஒதுக்கிச் சிறிது சிறிதாக ஊற்றி, இன்னும் ஒருமணி புரட்டுக. உப்பு சாயத்தை நாரிடம் தள்ளுகிறது. சோடா அதனை நாரோடு பிணைக்கிறது. இறுதியில் அலசி, கொதிக்கும் சோப்பு நீரில் கழுவினால் ஒட்டாத சாயம் நீங்கும். தையல் நூல் பாலியெஸ்டராயின் அதில் சாயம் ஏறாது. சாயத்தூள் மூச்சில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்க. சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

கழிவு நீர்

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இங்கே சொல்ல வேண்டியதொன்று உண்டு. சாயம் துணியில் ஏறினாலும் உப்பு முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது. மேற்சொன்ன ஒரு காற்சட்டைக்கே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பு. நொய்யலாறு கெட்டதற்குச் சாயக் கழிவின் உப்பே பெருங்காரணம். திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதை நாம் மறக்கலாகாது. எனவே இந்நீரை வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ, தென்னம்பாத்தியிலோ ஊற்ற வேண்டாம். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் அதில் விடலாம். இல்லாத ஊரில் வெளுப்பதோடு நிறுத்தி, சாயமேற்றுவதைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள சாயச்சாலையிடம் விடுவதே முறை.

அந்தக் காற்சட்டையை மீட்க முடியவில்லை. கிழியாத கால்பகுதியை வெட்டிப் பை தைத்துக்கொண்டதாக அவர் பின்னர் தெரிவித்தார். அடுத்த துணியையேனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளுக்குமாறு அவர் மகனுக்கும், அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் சொல்லி அமைகிறோம்.